தானாகக் கரை சேரும் படகு

இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்குக்கு முதுகைக் காட்டி நின்றார் படகுக்காரர். படகு அதுபாட்டுக்குத் துறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, முன்னால பாருங்க!" என்று அலறினார் எதிரே உட்கார்ந்திருந்த விடுதி மேலாளர் அம்மாள். அவர் கையிலிருந்த கோப்பையில் விளிம்பு வரை காபி.

"நான் எதுக்கு மேடம் பார்க்கணும்? இனிமே எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்."

மேலாளர் பயந்ததில் தப்பில்லை. போன வாரம் இதே படகு துறையில் மோதிய வேகத்தில், காபி முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டைக்குப் போய்விட்டது. "இன்னொரு தடவை இடிச்சீங்கன்னா வேற படகு பார்த்துக்கறேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். விடுதி விருந்தாளிகளை வருஷம் முழுவதும் ஏற்றி இறக்கும் ஒப்பந்தம் கைநழுவினால் படகை விற்பதைத் தவிர வழியில்லை.

படகுக்காரர் கடலில் புலி. கரையை நெருங்கினால் மட்டும் பதறிப்போய் ஸ்டீயரிங்கைத் தாறுமாறாகத் திருப்புவார். முன்னால் கயிற்றோடு நிற்கும் மனைவி "என்னங்க, இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்துவாள். "நீ கயித்தைப் பிடி, போதும்" என்று பதில் வரும். அதற்குள் இடித்திருக்கும்.

விடியற்காலையில் எதிர்த்துறைக்குப் போய் டீசல் நிரப்பி, படகைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தும் வேலையும் அவளுடையதுதான். அதையெல்லாம் அவர் ஒரு வேலையாகவே கணக்கில் வைத்ததில்லை. அந்த நேரத்தில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

"அப்படி என்னத்தை மாத்தினீங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"எதையும் மாத்தல மேடம். தானா கரை சேர்ற வசதி இன்ஜினுக்குள்ளயே இருக்காம். கம்பெனிக்காரன் பூட்டி வச்சிருக்கான். நேத்து பணத்தைக் கட்டினேன், மெக்கானிக் கம்ப்யூட்டர்லயே திறந்து விட்டுட்டான்."

"வீட்டை வித்துட்டு, சமையலறைக் கதவைத் திறக்கத் தனியாக் காசு கேக்கற மாதிரி இருக்கே!"

"கேட்டாக் கேட்டுட்டுப் போறான். இனிமே கயிறு பிடிக்கக்கூட ஆள் வேண்டாம், தெரியுமா? கரையோரம் ஒட்டினாப்ல அதுவே நிக்கும்."

அதனால்தான் புறப்படும்போதே மனைவிக்குக் கயிற்று வேலையிலிருந்து விடுதலை கொடுத்துவிட்டார். "நீ மேல்தளத்துக்குப் போ. அங்க இருக்கற இன்னொரு ஸ்டீயரிங்கைத் துடைச்சுக்கிட்டு சும்மா உட்காரு" என்று உத்தரவு. அவளும் மறுபேச்சில்லாமல் துணியை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் அவருடைய போன் அடித்தபடி இருந்தது. மேலாளர் எதிரில் மரியாதையாக இருக்காதே என்று சத்தத்தை நிறுத்திவிட்டார். துறை கண்ணில் பட்ட நேரம் பார்த்து மேலே மனைவியின் போனும் அலறியது.

"ஏம்மா, முக்கியமான நேரத்துல என்ன போன்? வை!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினார்.

"வச்சுட்டேங்க" என்று குரல் வந்தது.

அதன் பிறகுதான் ஸ்டீயரிங் மேலிருந்த திரையில், தானாகக் கரை சேர்க்கும் பொத்தானைப் பயபக்தியோடு தொட்டார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். ஸ்டீயரிங் பக்கத்தில், படகு அதன் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை எரியும் பச்சை விளக்கு பட்டென்று அணைந்தது.

"பார்த்தீங்களா மேடம், என் பொறுப்பு முடிஞ்சது!" என்று திரும்பி நின்றவர்தான், இதோ, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

படகு வேகத்தைக் குறைத்தது. பின்பக்கத்தை மெல்ல ஒதுக்கிக் காற்றைச் சமாளித்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலத் துறையோடு ஒட்டி நின்றது. கோப்பையிலிருந்து ஒரு சொட்டுக் காபி சிந்தவில்லை.

"அடேங்கப்பா!" என்றார் மேலாளர். கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார். படகுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய பணம் ஒரு பைசாகூட வீண் போகவில்லை என்று பூரித்துப்போனார்.

போன் திரையில் மறுபடி மெக்கானிக்கின் அழைப்பு மின்னியது. "நீங்களே கேளுங்க மேடம், இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கிட்டவன் இவன்தான்" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, எத்தனை தடவை கூப்பிடறது, எடுக்கவே மாட்டேங்கறீங்களே! கம்பெனியில ஏதோ கோளாறு, உங்க பூட்டு இன்னும் திறக்கவே இல்ல. அந்தப் பொத்தானை நம்பித் தப்பித்தவறிக்கூட ஸ்டீயரிங்கை விட்டுடாதீங்க!"

மேலாளரின் பேனா அப்படியே நின்றது. படகுக்காரர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். படகு ஆடாமல் அசையாமல் துறையோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தது.

மேல்தளத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது:

"பேசினது போதுங்க, யாராவது கயித்தைக் கட்டுங்க! எவ்வளவு நேரம்தான் நான் இந்த ஸ்டீயரிங்கை விடாம படகைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு இருக்கறது?"