பாதிக் கூடு

கிணற்றின் மேல் சாய்ந்திருந்த ஈச்சமரத்தில், மஞ்சத்தலையன் என்ற ஆண் தூக்கணாங்குருவி மூன்று கூடுகளைப் பாதி பாதியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. எந்தப் பெட்டைக்கும் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை.

பக்கத்துப் பட்டறை ஜன்னலோரம் ஒரு இயந்திரம் இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்ததை, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக வைத்து அப்படியே பொருளாக்கிவிடும். "எதுக்குப்பா இந்தப் பாடு? நான் ஒண்ணு செஞ்சு தர்றேன்" என்று ரீங்கரித்தது.

மறுநாள் காலை மூடுபனிக்குள் முழுக்கூடு ஒன்று மெல்ல ஆடியது. பட்டறைக்காரிதான் மரத்தில் கட்டிவிட்டிருந்தாள். மஞ்சத்தலையனுக்குத் தலைகால் புரியவில்லை. சிறகடித்துக் கூப்பிட்டது.

ஒரு பெட்டை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தது. அலகால் இழுத்தும் பார்த்தது. ஒரு இழைகூட அசையவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்போ இங்கேயே இருந்துடேன்!"

"நம்மள்ல பாதி கட்டிட்டுத்தானே கூப்பிடுவாங்க? நான் சரின்னு சொன்னாத்தான் மீதி. இதுல எல்லாமே முடிஞ்சுபோச்சே, நான் எதுக்கு?"

அது பனிக்குள் பறந்துவிட்டது.

"என்ன குறையாம்?" என்றது இயந்திரம், கவலையோடு.

"குறையே இல்லையாம்."

"அப்போ அடுத்ததைப் பாதியிலேயே நிறுத்திடட்டுமா?"

"நிறுத்திட்டு, யார் வருவாங்கன்னு பார்த்துக்கிட்டு இருப்பே?"

இயந்திரத்தின் பச்சை விளக்கு வெகுநேரம் மினுங்கியது.

மஞ்சத்தலையன் ஓலையில் ஒரு நாரைக் கிழித்து, நாலாவது கூட்டுக்கு முதல் முடிச்சைப் போட்டது. முடிச்சு கோணிப்போனது. அவிழ்க்கலாமா என்று யோசித்தபோது பனி விலகி வெயில் வந்தது. முடிச்சின் மேல் ஒரு சின்ன நிழல் விழுந்தது.

"அவிழ்க்காதே" என்றது மேல்மட்டையிலிருந்து ஒரு பெட்டையின் குரல். "அடுத்ததைப் போடு, பார்க்கலாம்."