நைனா வழி நரை

"நம்ம வம்சத்துல யாருக்காச்சும் சின்ன வயசுல நரைச்சிருக்கா நைனா?"

வேலு கேட்டதும், அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா சௌந்தரம் ஊதுவதை நிறுத்தினாள். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்கு ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா கோவிந்தராஜ் மட்டும் நிதானமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"இன்னாடா திடீர்னு?"

இருபத்தோரு வயதில் பாதித் தலை நரைத்துப்போனால் யாருக்குத்தான் மனசு ஆறும்? வேலு தலையைக் குனிந்துகொண்டான்.

"காலேஜ்ல சொன்னாங்க. முடியோட வேர்லதான் கறுப்பு ஊறுதாம். அது நின்னுட்டா வெள்ளையாத்தான் முளைக்குமாம். இம்மாஞ் சின்ன வயசுல நரைச்சா பெரும்பாலும் வம்சத்துல வரதாம். உனக்கு அம்பது வயசாவுது, ஒரு முடி நரைக்கல. அம்மாவுக்கும் இல்ல. என்ன எங்கியோ எடுத்து வளத்தீங்கன்னு குழாயடில பேசிக்கறாங்க. நெசமா நைனா?"

கோவிந்தராஜ் கடகடவென்று சிரித்தார்.

"எனக்கா நரைக்கல? கல்யாணத்துக்கு முன்னாடியே தலை கொக்கு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணு குடுக்க மாட்டாங்களேன்னு மை தடவ ஆரம்பிச்சேன், இன்னி வரைக்கும் தடவிகினு இருக்கேன். ஞாயித்துக்கெழமை கழுவிட்டு வரேன், நீயே பாரு."

சொன்னபடியே ஞாயிறன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது, தலை பழுப்பும் வெள்ளையுமாக இருந்தது.

"மைக்கறை, லேசுல போவாது" என்றார்.

சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் மொத்தமும் கூடிச் சிரித்தது. கூட வேலை செய்பவர்கள் "வாங்க தாத்தா" என்று கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

ஒரு மாதம் போனது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அசந்து தூங்கிய கோவிந்தராஜைச் சாப்பிட எழுப்பப் போனான் வேலு. ஜன்னல் வெயில் அவர் தலைமேல் விழுந்திருந்தது.

வெள்ளை முடியின் அடியில் புதிதாக முளைத்திருந்ததெல்லாம் கன்னங்கரேலென்று இருந்தது.

அன்றைக்கு அவர் மையைக் கழுவவில்லை. கறுப்பாக இருந்த முடியைத்தான் மருந்து போட்டு வெளுக்க வைத்திருக்கிறார்.

கோவிந்தராஜ் கண் விழித்தார். "இன்னாடா அப்பிடிப் பாக்கற?"

வேலு அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல நைனா. அப்பிடியே உன்ன உரிச்சு வெச்சிருக்கேன்னு பாத்தேன்."