பரோட்டா மாஸ்டர் கையில் பட்டை

பம்புசெட் விற்க ஊர் ஊராக அலையும் சற்குணத்தின் மணிக்கட்டில் கம்பெனி ஓர் உடல்நலப் பட்டையை மாட்டிவிட்டிருந்தது. வெளியூரிலும் தினம் உடற்பயிற்சி செய்யாதவருக்குக் கம்பெனியில் வேலை கிடையாது. தென்காசிக்கு வந்தால் மட்டும் அவருக்கு அந்தக் கவலையில்லை. பட்டையைக் கழற்றி, பரோட்டாக் கடை இசக்கி மாஸ்டர் கையில் கட்டிவிடுவார். மாஸ்டர் மாவை வீசி வீசி அடிக்க, சற்குணம் உடற்பயிற்சி செய்வதாகக் கம்பெனிக்குத் தகவல் போகும். அதே பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு சற்குணம் சாப்பிடுவார்.

ஒருநாள் மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே சரிந்தார். நாடி தடுமாறியதும் பட்டையே கூப்பிட்டு, கம்பெனி ஆம்புலன்ஸ் வந்தது. பட்டை யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாரையும் அந்த வண்டி ஏற்றாது.

"இதுல சற்குணம் யாரு?" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

சற்குணம் வாயிலிருந்ததை விழுங்கினார். "கீழ கிடக்காருல்லா, அவருதான். சீக்கிரம் ஏத்துங்க!"

மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். அடுத்த மாதம் சற்குணம் ஆசையோடு வந்து உட்கார்ந்தபோது, தேறி வந்த மாஸ்டரே ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாக் கடைக்கும் உங்க கம்பெனி சொல்லிட்டு அண்ணாச்சி. உங்களுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்காம்லா?"