காதுக்குள் அலகு

காகம் நீல்காயின் காதுக்குள் அலகை விட்டது.

அனந்தலக்ஷ்மி ஒற்றையடிப் பாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆபீஸ் பிக்னிக். எழுபத்தெட்டு ஜனவரி. தலைநகரின் ரிட்ஜ் காட்டை ஒட்டிய பூங்காவில் செக்‌ஷன் முழுக்க ஜமக்காளம் விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பூரிக் கூடையைப் பிரிப்பதற்குள் ஒரு நடை போய்வரலாம் என்று இவள்தான் கிளம்பினாள். பக்கத்து நாற்காலி ஹர்பன்ஸ் கௌரும் கூடவே வந்து, நாலடி பின்னால் இலந்தைப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

நீல்காயை இத்தனை கிட்டத்தில் அனந்தலக்ஷ்மி பார்த்ததில்லை. குதிரை உயரம், மாட்டு முகம், ஆனால் மான் ஜாதி. கருவேல மரத்தடியில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, சவரத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி நின்றது.

காகம் அதன் நெற்றியில் கால் ஊன்றிக் காதை எட்டிப் பார்த்தது. அலகை விட்டு எடுத்தது. நுனியில் பட்டாணி அளவு ஓர் உண்ணி. விழுங்கிவிட்டு மறுபடி குனிந்தது.

ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கிற மிருகம். இப்போது இமைகூட அசையவில்லை.

கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டால்? அந்தப் பயம் அதற்கு இல்லையா? முதல் நாள் எப்படி நடந்திருக்கும்? காகம் துணிந்து வந்து உட்கார்ந்ததா, இல்லை இதுவே தலையைத் தாழ்த்திக் கொடுத்ததா?

ஒரு காது முடிந்ததும் நீல்காய் தானாகவே தலையைத் திருப்பி மறு காதைக் காட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சட்டென்று காகம் எழும்பிக் கிளையில் போய் உட்கார்ந்தது. உடம்பை முன்னால் தள்ளித் தள்ளி, அலகைத் திறந்து திறந்து மூடியது. நீல்காய் விறைத்தது. மறுகணம் ஒரே தாவலில் காட்டுக்குள் போய்விட்டது. அப்புறம்தான் புதரிலிருந்து நாய்கள் வந்தன. நான்கு.

ஓகோ, வயிறும் நிறைகிறது, காவலும் நடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலடியில் மண் அதிர்ந்தது.

என்னவென்று திரும்புவதற்குள் ஹர்பன்ஸ் அவளைத் தோளோடு பிடித்து இழுத்தாள். இருவரும் இலந்தை முள்ளில் விழுந்தார்கள். அவள் நின்ற இடத்தை மிதித்துக்கொண்டு, பின்னாலிருந்து வந்த இன்னொரு நீல்காய், முதலாவதைவிடப் பெரியது, பாய்ந்து போயிற்று.

செக்‌ஷன் ஆபீசர் ராஜகோபாலன் புல்வெளியிலிருந்து ஓடி வந்தார். குளிருக்கு மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தார். ஆபீசில் ஹிந்தியும் இங்கிலீஷும் மட்டுமே பேசுகிறவருக்குப் பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது.

"ஏம்மா, இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தறோமே, காதுல விழலையா?"

அனந்தலக்ஷ்மி ஹர்பன்ஸைப் பார்த்தாள். ஹர்பன்ஸுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அவள் புரியாமல் உதட்டைப் பிதுக்கினாள்.

அனந்தலக்ஷ்மி மெதுவாக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"காக்கா அதோட காதுல உண்ணி பொறுக்கிண்டிருந்தது சார். அதையே பார்த்துண்டு நின்னுட்டேன்."

ராஜகோபாலன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, சாப்பிட வாருங்கள் என்று ஜாடை காட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

அவர் போகட்டும் என்று காத்திருந்து, ஹர்பன்ஸ் கைப்பையிலிருந்து பென்சிலும் ஒரு பழைய கவரும் எடுத்தாள்.

ஆகஸ்டில் வந்த டைபாய்டு அனந்தலக்ஷ்மியின் இரண்டு காதுகளையும் கொண்டுபோயிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். செக்‌ஷனில் ஹர்பன்ஸ் ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். ஆபீசர் கூப்பிட்டால் மேஜைக்கடியில் ஹர்பன்ஸின் கால் வந்து தொடும்; பிறகு அவர் உதட்டைப் பார்த்தே இவள் சமாளிப்பாள். ஹர்பன்ஸ் கையெழுத்தில் போகிற இங்கிலீஷ் நோட்டுகளின் வாசகமெல்லாம் அனந்தலக்ஷ்மியுடையது.

கவரின் முதுகில் ஹர்பன்ஸ் ஹிந்தியில் எழுதிக் காட்டினாள்: சாஹிப் என்ன கேட்டார்?

விரலில் தைத்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அனந்தலக்ஷ்மி பென்சிலை வாங்கிக் கீழே எழுதினாள்:

தெரியாது. ஆனால் என் பதிலுக்கு அவர் கண் சிரித்தது.