விடியற்புறத்து விசில்

“இவரைக் கேட்காதையுங்கோ மிஸ், ஒண்டும் இல்லையெண்டுதான் சொல்லுவார். என்னைக் கேளுங்கோ!”

அன்ரோனெற் கணவனின் தோளை அழுத்திக் கதிரையில் இருத்தினாள். கீரிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஆஸ்பத்திரியில் அவர் நோயாளித் துண்டு எடுக்கும்வரை வெயிலில் நின்ற களைப்பு அவளுக்கு இன்னும் தீரவில்லை. இருந்தாலும் இன்று சும்மா திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். அமிர்தநாயகம் கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். மூச்சிழுக்கும் தொய்வு வருத்தத்தோடு மூழ்கினால் ஒருநாள் மேலே வரமாட்டார் என்ற பயம் ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது.

தாதி தனுசியா பேனாவை எடுத்தாள். “சொல்லுங்கோ அக்கா. எப்ப கூட?”

“விடியப்புறத்தில மிஸ். நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி... சத்தம். அதிலதான் நான் முழிக்கிறனான். பாத்தா... இவர் எழும்பிக் குந்திக்கொண்டிருப்பார்.”

“உண்மையோ அண்ணை?”

அமிர்தநாயகம் தலையைக் குனிந்தார். “சத்தம் கேக்கிறது உண்மைதான்.”

“பாத்தீங்களே, ஒத்துக்கொள்ளுறார்!”

தனுசியா நெஞ்சுச் சத்தம் கேட்கும் குழாயை அவர் முதுகில் வைத்து நிதானமாகக் கேட்டாள். “புகை, தூசி ஏதும்?”

“இவர் பீடியை விட்டுப் பத்து வருசம். நான்தான் கருவாடு காயவைக்கிற வாடியில நாள் முழுக்க நிக்கிறனான். என்ர உடுப்பில வாற தூசிதான் இவருக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ தெரியாது.”

தனுசியா மூச்சின் பலத்தை அளக்கும் குழாயை நீட்டினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு இது விளங்கேல்லை. நீ ஒருக்கா ஊதிக் காட்டு.”

“கடலடியில மூச்சுப் பிடிக்கிற மனுசனுக்கு இது விளங்கேல்லையாம்!” என்று சொல்லிக்கொண்டு அன்ரோனெற் வாங்கி ஊதினாள். அவருக்கு விளங்கட்டும் என்று மூன்று தரம் ஊதினாள். மூன்றாவதில் இருமல் பிடித்துக்கொண்டது.

“பதறாதையுங்கோ அக்கா.” தனுசியா அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை சனத்துக்குள்ளும் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமை! மடு மாதா இவளைக் காப்பாற்றட்டும் என்று அன்ரோனெற் மனதுக்குள் வேண்டினாள்.

“இவர் கடலுக்கை இறங்கக்கூடாதெண்டு எழுதித் தாங்கோ மிஸ். எழுதாமல் நான் போகன்.”

தனுசியா எழுதி முடித்துக் கொப்பியை நீட்டினாள். “டொக்டர் இண்டைக்கே பாக்க வேணும். மூச்சு மருந்துப் பம்ப் இழுக்கிற விதத்தை நான் காட்டித்தாறன்.”

கொப்பியின் மேலே ‘அன்ரோனெற்’ என்று இருந்தது.

“ஐயோ, பேரை மாத்திப்போட்டீங்கள்!”

“மாறேல்லை அக்கா. காலமை அண்ணை எடுத்த துண்டிலயே உங்கட பேர்தான். அவற்ர நெஞ்சில ஒரு சத்தமும் இல்லை. நான் கையைப் பிடிச்சு எண்ணினது உங்கட மூச்சை.”

அன்ரோனெற் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“உன்னைக் காட்டவெண்டு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தரம் கூப்பிட்டன், கருவாட்டுத் தூசி எண்டு சொல்லிப்போட்டாய். எனக்கு வருத்தமெண்டு நினைச்ச உடன இழுத்துக்கொண்டு வந்திட்டாய்,” என்றார் அமிர்தநாயகம். “நான் விடியவிடியக் குந்தியிருந்தது, உன்ர நெஞ்சில கேக்கிற அந்த விசில் திடீரெண்டு நிண்டுபோகுமோ எண்ட பயத்திலதான்.”