அங்காலப் பக்கம்

"ரெண்டு பக்க மட்டையிலயும் என்ர மூஞ்சி. அதுவும் பூசணிக்காய் மாதிரி," என்றார் கதிர்காமநாதன்.

மகள் கமலினி சிரித்தாள். அவள் கீறிய சித்திரக்கதை அன்று காலைதான் அச்சாகி வந்திருந்தது. ஜப்பான்காரரின் மங்கா மாதிரியாம். மெல்பேர்னில், டண்டினொங்கில் அவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைதான் கதையாம்.

அச்சடித்த எதையும் அவர் நம்புவதில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், இங்கிலீஷ் ஓடாது. மத்தியானச் சனம் கலைந்த கடையில் கதிரையை இழுத்துப் போட்டு, படங்களை மட்டும் பார்த்தார்.

முதல் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டை ஸ்டூலில் ஏறி நின்று சமையற்காரனைக் கூப்பிடுகிறாள். 'அப்பா.'

அந்த ஒரு சொல்தான் தமிழ். இதையாவது எழுதினாளே.

அடுத்ததில் சமையற்காரனும் ஒருத்தியும் கோயிலில் மாலை மாற்றுகிறார்கள். பிறகு இருவரும் வெங்காயம் உரித்தபடி, கண்ணீர் வழியச் சிரிக்கிறார்கள். வெட்கத்தில் நாலைந்து தாளை ஒன்றாகப் புரட்டிவிட்டார்.

அங்கே அந்தப் பெண், பிள்ளையோடு மழைக்குள் நடக்கிறாள். கடைசியில் வேறொருவனின் வீட்டில், அவன் ஓங்கிய கைக்குக் கீழே நிற்கிறாள்.

"என்னடி இது? கொம்மா என்னை விட்டிட்டு எவனோடயோ போனவள் எண்டு கீறி வைச்சிருக்கிறாய்!"

குசினிக்குள் மனைவி திலகத்தின் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஐயோ அப்பா, ஜப்பான்காரருக்குக் கடைசி மட்டைதான் முதல் மட்டை. இது அங்கால இருந்து பாக்கிற புத்தகம்."

அங்கால இருந்து பார்த்தார்.

ஓங்கிய கை. மழை. அந்தப் பெண் வந்து தட்டும் பச்சைக் கதவு.

செவன் ஹில்ஸ் கடையின் கதவு அது. சிட்னியில் அவர் சம்பளத்துக்குச் சமைத்த இடம். மெல்பேர்னுக்கு மாறிய பிறகு அவரும் திலகமும் எல்லாருக்கும் ஒரே கதைதான் சொன்னார்கள்: ஊரிலிருந்து தகப்பன் முதலில் வந்தார், தாயும் பிள்ளையும் பிறகு வந்தார்கள். பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் வந்தன, ஒருவரும் துருவவில்லை. கமலினிக்கும் அதே கதைதான்.

பெற்றவன் வேறொருவன் என்று திலகம் சொல்லிவிட்டாளா? இனி இந்தப் பிள்ளை தன்னை எப்படிக் கூப்பிடும்?

தாளைத் திருப்பினார். சமையற்காரன் குந்தியிருந்து, பானை மூடியில் வைத்த புட்டை ஊதி ஊதிப் பிள்ளையின் வாயில் தீத்துகிறான்.

அன்று அந்த நேரம் திலகம் கடைக்குப் பின்னால் முகம் கழுவப் போயிருந்தாள். அந்த மூடியை அவள் கண்டதேயில்லை. அவரும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கண்டது ஒரே ஒரு ஆள். நாலு வயது. அதற்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள்.

அவர்கள் மறைத்ததை அவளும் அவர்களுக்காக மறைத்தே வைத்திருக்கிறாள்.

வெங்காயம். மாலை. ஸ்டூலில் நிற்கும் பெட்டை, அந்த ஒரு சொல்லோடு. கதை அதோடு முடிந்தது.

மூக்கைத் துவாயில் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். ஆவி பறக்கும் புட்டில் சீனி தூவிக் கொண்டுவந்தார்.

"சாப்பிடாமல் கொள்ளாமல் கீறிக் கீறி, ஆளைப் பார், ஈர்க்கு மாதிரி," என்று திட்டிக்கொண்டே ஊதினார்.

கமலினிக்கு இருபத்தாறு வயது. அவர் ஊதி முடியும்வரை கையை நீட்டாமல் காத்திருந்தாள்.