எண்ணிக்கையில் பிசகு

அன்று ஆய்வகத்தில் இருந்தவர்கள் நாலு பேர். மேடம், அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவி, அவளுக்கு மூத்த மாணவன், கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா.

கிண்ணத்தில் மீன் முட்டைகள் அறுபது. அவற்றைப் போட்டிருந்தது, மின்சாரம் கடத்தும் புது பிளாஸ்டிக் கலந்த தண்ணீரில்.

"பொரிஞ்சது எத்தனை?" என்றார் மேடம்.

மாணவி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பத்தொண்ணு மேடம். நேரா நீந்துறது அஞ்சுதான். மத்ததுக்கெல்லாம் முதுகு வளைஞ்சிருக்கு."

மேடம் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஏழு. எண்ணத் தெரியாதவங்களுக்கு இங்க வேலை இல்ல. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

மூத்தவன் ஓடிவந்து எண்ணினான். "மேடம், அஞ்சுதான்..."

"உன்னை யாரும் பஞ்சாயத்துக்குக் கூப்பிடல."

அவன் தன் மேசைக்குத் திரும்பினான். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்ற தைரியத்தில் அக்கா முணுமுணுத்தாள்.

"நாலு நாளா அந்தப் பொண்ணு மேலேயே எரிஞ்சு விழுது. கல்லுக்குக்கூட ஈரம் இருக்கும்."

மேடம் திரும்பிப் பார்த்தார். அக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

மாணவிக்குக் கண்ணீர் முட்டியது. மூன்று வருஷ உழைப்பு. இது போனால் பட்டமும் போச்சு. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் பின்னாலேயே மேடம் வந்து நின்றார்.

"அஞ்சுதான். நீ சரியாத்தான் எண்ணினே."

"அப்புறம் ஏன் மேடம்?"

"மீன் தீனி டப்பாவைத் திறந்தாலே வாயைப் பொத்திக்கிட்டு ஓடுறே. எத்தனையாவது மாசம்?"

அவள் தலை குனிந்தாள். "மூணு. என் வீட்டுக்காரரைத் தவிர யார்கிட்டயும் சொல்லல மேடம். தெரிஞ்சா ஆராய்ச்சியை விட்டு எடுத்துடுவீங்கன்னு பயம்."

"நானும் யார்கிட்டயும் சொல்லல. எண்ணத் தெரியலன்னுதான் சொன்னேன்."

மேடம் ஒரு சாவியை நீட்டினார்.

"மீன் குஞ்சை வளைக்கிறது மனுஷக் குஞ்சை என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. அதை உன்னை வச்சுக் கண்டுபிடிக்கவும் மாட்டேன். அடுத்த கட்டடத்துல கம்ப்யூட்டர் ரூம். படமெல்லாம் அங்க வரும், உட்கார்ந்து எண்ணு. கட்டுரையில முதல் பேர் உன் பேர்தான். கண்ணைத் துடைக்காமப் போ, அப்பத்தான் நம்புவாங்க."

மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நாலு பேர் இருந்த ஆய்வகம். அதிலிருந்து வெளியே போனது இரண்டு பேர்.

மிச்சம் மூன்று.